பக்கக் கண்ணாடியில் கட்டிய துணி

தின் அமாலி கிணற்றடி

என் அத்தை பெற்ற ஒரே அழகன், பாலைக்கு அந்தப் பக்கம் சப்ஹாவில் இருக்கும் அகாலிக்கு, கெல்லா எழுதுவது. உன் மேல் அமைதி உண்டாகட்டும். உடம்பு எப்படி? அங்கத்து வெயில் எப்படி? களைப்பு எப்படி? கூட இருக்கிறவர்கள் எப்படி? நாங்கள் எல்லோரும் சுகம் என்று எழுதுவதுதான் முறை. எழுதிவிட்டேன். இனி உள்ளதை எழுதுகிறேன்.

உன் தங்கை ரஹ்மதா நிறைமாதமாக இருக்கிறாள். நீ போகும்போது அவளுக்கே தெரியாது. மருத்துவச்சி கோலா வயிற்றைத் தடவிப் பார்த்துவிட்டு என்னைத் தனியாக வெளியே அழைத்தாள். “பிள்ளை குறுக்கால கெடக்குடி. போன தடவ மாதிரியேதான். என் கை இதுக்குப் பத்தாது. தமன்ராசெட் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போயிருங்க” என்றாள். போன தடவை என்ன நடந்தது என்று உனக்கு எழுத வேண்டியதில்லை. அந்தச் சின்னக் குழியை நீதான் வெட்டினாய்.

ரஹ்மதாவின் வீட்டுக்காரன் அமூத் மறுநாளே அவளை வண்டியில் ஏற்றினான். இந்த வருஷ மழையில் ஓடை பெருகி வந்து பாதையை அறுத்துப் போட்டிருக்கிறது. உருண்டைக் கல்லில் ஏறும்போது பின்னால் ‘டப்’ என்று ஒரு சத்தம். எஞ்சின் ஓடுகிறது, சக்கரம் சுற்றவில்லை. வலது பக்க ஆக்ஸில் கட்டாகிவிட்டது. முன் சக்கர இழுவை இருந்திருந்தால் அதை வைத்தே ஊர்ந்து போயிருக்கலாம். எடை குறையட்டும், டீசல் மிச்சமாகட்டும் என்று அதைக் கழற்றி எறிந்த மேதாவி யார் என்று நான் சொல்லத் தேவையில்லை. ஆண்களெல்லாம் சேர்ந்து வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்து நம் கூடார முகாமில் சேர்த்தார்கள்.

பாதை அறுந்ததால் லாரிகள் மேற்கே சுற்றிப் போகின்றன. இந்தக் கடிதத்தை அந்தப் பக்கம் நடந்து போகிற ஒருவனிடம்தான் கொடுத்தனுப்புகிறேன். ஒட்டகங்கள் மேய்ச்சலுக்குத் தெற்கே போயிருக்கின்றன. இருந்தாலும் ஒட்டகத்தில் ஏற்றினால் வழியிலேயே இரண்டு உயிரும் போய்விடும் என்கிறாள் கோலா. அமூத் வண்டிக்கு இன்னொரு ஆக்ஸிலை மாட்டுவதை விட்டால் வேறு வழி இல்லை.

அத்தான், உன் வண்டி கூடாரத்துக்குப் பின்னால் அப்படியே நிற்கிறது. எனக்கு ஒரு வளையல் வாங்க ஒரு வருஷம் யோசித்தவன், அதற்கு லாரியின் ஸ்பிரிங் பட்டைகளைத் தேடி வாங்கி மாட்டி உயர்த்தினாய். எண்ணெய்ப் பீப்பாயை வெட்டி, பற்றவைத்து, இரண்டாவது டேங்க் செய்தாய். நீ மாற்று தேடிப் போன எஞ்சின் ஹெட் வெடித்துத்தான் கிடக்கிறது. ஆனால் கீழே ஆக்ஸில் இரண்டும் கல் மாதிரி இருக்கின்றன. அமூதின் வண்டியும் உன்னுடையதும் ஒரே வார்ப்பு. “ரெண்டும் ரெட்டப் பிள்ளைங்க. ஒண்ணுக்கு நோவுன்னா இன்னொண்ணு கொடுக்கும்” என்று நீ எத்தனை தடவை பீற்றிக்கொண்டிருக்கிறாய்!

ஆனால் போகும்போது சாயம் ஒட்டுகிற உன் நீலத் தலைத்துணியில் ஒரு முழம் கிழித்துப் பக்கக் கண்ணாடியில் கட்டிவிட்டுப் போயிருக்கிறாய். அது தொங்குகிறவரை ஒரு திருகாணியைக்கூட யாரும் தொட மாட்டார்கள். கட்டியவன்தான் வந்து அவிழ்க்க வேண்டும். இல்லையென்றால், அவன் இனி வரமாட்டான் என்று ஆன பிறகு வீட்டுக்காரி அவிழ்ப்பாள். அதை எழுதவே கை கூசுகிறது.

அதனால்தான் கெஞ்சுகிறேன். எடுத்துக்கொள் என்று ஒரே ஒரு வார்த்தை எழுதி, வருகிறவன் கையில் கொடுத்தனுப்பு. நீயே வந்தால் இன்னும் நல்லது. ஹெட் கிடைக்காவிட்டால் போகிறது, வெறுங்கையோடு வா. நான் கேலி செய்யமாட்டேன். கொஞ்சம்தான் செய்வேன்.

உன் வழி குளிர்ந்திருக்கட்டும்.
கெல்லா

—

தின் அமாலி

அகாலிக்கு, கெல்லா எழுதுவது. உடம்பு எப்படி, களைப்பு எப்படி என்று கேட்டு முடித்ததாக வைத்துக்கொள்.

நான் எழுதிய கடிதம் பிரிக்காமலே திரும்பி வந்துவிட்டது. சப்ஹா சாலையில் லாரி ஓட்டும் பூபாவிடம் அது போய்ச் சேர்ந்திருக்கிறது. அவர் விசாரித்துவிட்டு, ஒட்டகம் ஒன்றை இரவல் வாங்கிக்கொண்டு தானே வந்தார். ஒரு கடிதத்தைத் திருப்பித் தர யாராவது இவ்வளவு தூரம் வருவார்களா? “அந்த ஆளு அங்க இல்லம்மா. குளிர் முடியறதுக்குள்ளயே யாரோட வண்டியிலயோ ஏறி ஊருக்குன்னு கெளம்பிட்டாராம்” என்றார். எந்த வழியாக என்று கேட்டேன். “மணல் வழியா” என்றார். அப்புறம் கடிவாளத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். சில நாள் வழிதான் அது. குளிர் போய், கோடையும் முற்றிவிட்டது, அத்தான்.

டீ போட்டேன். முதல் கோப்பை குடித்தார், இரண்டாவது குடித்தார். நம் முறைப்படி குடித்தே ஆக வேண்டிய மூன்றாவது கோப்பைக்கு உட்காரவில்லை. பூபா மரியாதை தெரியாதவர் இல்லை. ரஹ்மதாவின் நிலையைச் சொல்லி, வழியில் யாராவது வண்டிக்காரன் தட்டுப்பட்டால் அனுப்பும்படி கேட்டேன். தலையாட்டினார். இதுவரை யாரும் வரவில்லை.

அன்றிலிருந்து முகாமில் யாரும் உன் பெயரைச் சொல்வதில்லை. ‘அந்த வண்டிக்காரன்’ என்கிறார்கள். ‘ரஹ்மதாவுக்கு மூத்தவன்’ என்கிறார்கள். இறந்தவர்கள் பெயரைத்தான் நாம் வாய்விட்டுச் சொல்லமாட்டோம் என்று எனக்குத் தெரியாதா? நேற்று மாவு பிசையும்போது வேண்டுமென்றே உரக்கச் சொன்னேன்: அகாலி கெட்டியான ரொட்டிதான் தின்பான் என்று. எல்லோரும் தலையைக் குனிந்துகொண்டார்கள். எனக்கு அவர்கள் முகத்தில் மாவை வாரி எறிய வேண்டும் போலிருந்தது.

அமூத் உடைந்த ஆக்ஸிலைக் கொல்லனிடம் கொண்டுபோய் ஒட்ட வைத்தான். வண்டி கிணற்றைத் தாண்டுவதற்குள் மறுபடி முறிந்தது. இந்தத் தடவை முறிந்த துண்டு உள்ளேயே மாட்டிக்கொண்டது. உன் வண்டியைக் காட்டினேன். “தங்கச்சி, அதுல கைய வச்சா அவனை நானே பொதைச்ச மாதிரி ஆயிரும். என்னால ஆகாது” என்று அழுதான். அவ்வளவு பெரிய ஆள் அழுது நான் பார்த்ததில்லை.

இந்தக் கடிதத்தை எங்கே அனுப்புவது என்று தெரியவில்லை. ஆனாலும் எழுதாமல் இருக்க முடியவில்லை. எங்கிருந்தாலும் ஒரு வார்த்தை சொல்.

கெல்லா

—

அகாலிக்கு,

நலம் விசாரிக்க நேரமில்லை. ரஹ்மதாவுக்கு விடியும்போது வலி கண்டுவிட்டது. கோலா அவள் இடுப்பைப் பிடித்துக்கொண்டு என்னை ஒரு பார்வை பார்த்தாள்.

நான் உன் ஸ்பேனர் சாவிப் பையை எடுத்துக்கொண்டு எழுந்ததுமே ரஹ்மதாவுக்குப் புரிந்துவிட்டது. என் முக்காட்டைப் பிடித்து இழுத்தாள். “மதினி, அந்தத் துணிய அவுக்காதீங்க. அவுத்தா எங்கண்ணன் இல்லன்னு ஆயிரும். நான் இப்படியே கெடந்து பெத்துக்கறேன், இல்லன்னா போறேன். என்னால அவன் போனான்னு வேண்டாம்” என்று கதறினாள். எனக்கு வந்த கோபத்தில், “உங்கண்ணன் வந்து கேட்டா நான் பதில் சொல்லிக்கறேன். நீ செத்துட்டா நான் அவன்கிட்ட என்னத்தடி சொல்வேன்?” என்று கத்திவிட்டேன். பிள்ளை வலியில் இருப்பவளிடம் கத்தினேன். அப்புறம் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டு வெளியே வந்தேன்.

முகாமே பார்த்துக்கொண்டு நின்றது. யாரும் தடுக்கவில்லை. தடுத்திருந்தால் நன்றாக இருந்திருக்கும், சண்டையாவது போட்டிருப்பேன். துணியின் முடிச்சு வெயிலில் இறுகிக் கிடந்தது. பல்லால்தான் அவிழ்த்தேன். உதடும் விரலும் நீலமாகிவிட்டன. உன்னோடு படுத்து எழுந்த காலையில் என் கழுத்தில் ஒட்டியிருக்குமே, அதே நீலம்.

ஆக்ஸிலை நான்தான் கழற்றினேன். நீ வண்டிக்குக் கீழே கிடந்தபோது ஒவ்வொரு சாவியாக எடுத்துக் கொடுத்தவள் நான்தானே. நட்டுகளைக் கழற்றி, சுற்றிலும் சுத்தியலால் மெல்லத் தட்டி இழுத்தேன். எண்ணெய் சொட்டச் சொட்ட வந்தது. அமூத் வண்டியில் உள்ளே மாட்டியிருந்த துண்டை, பிள்ளைகள் ஓணான் பிடிக்கிற மாதிரி கம்பியில் சுருக்குப் போட்டுத் துழாவித் துழாவி எடுத்தோம். எண்ணெய் கசியாமல் அடைப்புக்கு வைக்கிற அட்டை கிழிந்துவிட்டது. நம் கல்யாணத் தோல் கூடாரத்தின் ஓரத்தில் ஒரு துண்டு வெட்டி அந்த இடத்தில் வைத்தேன். உன் ஆக்ஸில் அவன் வண்டியில் அளவெடுத்த மாதிரி உட்கார்ந்தது. நீ பீற்றியது பொய்யில்லை, ரெட்டைப் பிள்ளைகள்தான். கழற்றியது நான், மாட்டியது அமூத். அவன் கை உன் வண்டியில் படவில்லை. அவனை ஒன்றும் சொல்லாதே.

ரஹ்மதாவை ஏற்றியாயிற்று. கோலாவும் ஏறிவிட்டாள். அமூத் எஞ்சினை ஓட விட்டுக்கொண்டு கூப்பிடுகிறான். உள்ளே இருந்து அவள் சத்தம் கேட்கிறது. ஓடையில் அந்தக் கல்லெல்லாம் அப்படியேதான் கிடக்கிறது. எனக்குப் பயமாக இருக்கிறது, அத்தான். அவசரத்தில் எழுதுவதால் எழுத்து கோணலாக இருக்கும், சிரிக்காதே.

நீ வந்தால் என்னைப் பார்ப்பதற்கு முன்னால் உன் வண்டியைத்தான் போய்ப் பார்ப்பாய். தெரியும். வலது பின்சக்கரத்தின் நடுவில் ஓட்டையாக இருக்கும். மணல் புகாமல் துணி அடைத்திருக்கிறேன். யாரோ திருடன் என்று வையாதே. பக்கக் கண்ணாடியில் என் முக்காட்டுத் துணியைக் கிழித்துக் கட்டியிருக்கிறேன், அதனால் வேறு எவனும் தொடமாட்டான். இந்தக் கடிதத்தை ஸ்டீயரிங்கில் சுற்றிக் கட்டிவிட்டுப் போகிறேன்.

நான் துணியை அவிழ்த்ததைத்தான் எல்லோரும் பார்த்தார்கள். அதை மடித்து வைத்துக்கொண்டு ஒப்பாரி வைப்பேன் என்று காத்திருந்தார்கள். நான் போய் அமூத் வண்டியின் கண்ணாடியில் அதே துணியை, அதே மாதிரி இரட்டை முடிச்சுப் போட்டுக் கட்டினேன். உன் ஆக்ஸில் எங்கே இருக்கிறதோ அங்கேதானே உன் துணியும் இருக்க வேண்டும்?

சக்கரத் தடம் பார்த்து வா. தமன்ராசெட் ஆஸ்பத்திரி வாசலில் வண்டி நிற்கும். கட்டியவன் வந்துதான் அவிழ்க்க வேண்டும் என்பது நம் வழக்கம். நான் இனி அதில் கை வைக்கமாட்டேன். வெயிலில் வெளுத்து நூல் நூலாகப் போனாலும் வைக்கமாட்டேன். வந்து, என் வண்டியைத் தொட உனக்கு யாரடி உரிமை கொடுத்தது என்று எல்லோர் முன்னாலும் என்னைத் திட்டு, அகாலி. வாய் வலிக்கும்வரை திட்டு.

உன் கெல்லா