பிறந்தநாள் பிளக்ஸ்

சிறை,
12.1.2025

பாசமுள்ள தங்கச்சி அனுசியாவுக்கு அண்ணன் ஜெயகணேஷ் எழுதுவது. நான் சுகம். தூத்துக்குடியில் அம்மாவும் மெட்ராசில் நீயும் சுகமா?

நீ டிசைன் செய்த உப்புப் பாக்கெட்டின் படம் வந்து சேர்ந்தது. வார்டர் பிரித்துப் பார்த்துவிட்டு, "ஏலே, இது ஒந் தங்கச்சி போட்டதா?" என்று கேட்டார். எனக்குத் தலைகால் புரியவில்லை. ஒரே ஒரு குறை. பாதிப் பாக்கெட் வெள்ளையாகக் கிடக்கிறதே! ராஜதுரை அண்ணாச்சி கடையில் நீ போட்ட பிளக்ஸில் கொசு உட்கார இடம் இருக்காது. சாமி, சிங்கம், இருபது மூஞ்சி. அதல்லவா வேலை!

நேற்று சாப்பாட்டு வரிசையில் நயினாரின் சொந்தக்காரன் ஒருவன் வேண்டுமென்றே என் காலை மிதித்தான். தட்டாலேயே வாயில் போட்டேன். அவனுக்கு இரண்டு பல் போச்சு, எனக்குப் புருவத்தில் நாலு தையல். அம்மாவிடம் சொல்லாதே. நயினாரை வெட்டி ஏழு வருஷம் ஆகியும் ஆத்திரம் அடங்கவில்லை. உயிரோடு இருக்கிற எனக்கே கண்ணீர் அஞ்சலி பிளக்ஸ் அடித்து முச்சந்தியில் கட்டினானே! சும்மா விடச் சொல்கிறாயா?

உன் அண்ணன்,
ஜெயகணேஷ்

சென்னை,
2.2.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

உன் கடிதத்தைப் படித்து அழுதேன். வயது நாற்பதாகப் போகிறது, இன்னும் தட்டால் அடித்துக்கொண்டிருக்கிறாய்.

அந்த வெள்ளை இடத்துக்குத்தான் எனக்கு ஆபீசில் பதவி உயர்வு. இங்கே வந்த புதிதில் நானும் மூலைமுடுக்கெல்லாம் நிரப்பினேன். எதை எடுத்துவிட்டால் உப்பு மட்டும் கண்ணில் படும் என்று யோசிக்க இரண்டு வருஷம் ஆயிற்று. இப்போது என் கீழே நாலு பேர். எந்த வேலையையும் அனுப்புமுன் மூன்று தடவை வாய்விட்டுப் படிக்கிறேன். கேலி செய்கிறார்கள், செய்யட்டும்.

இன்னொரு சேதி. உடன் வேலை பார்க்கும் அச்யுதன், ஸ்ரீவைகுண்டத்துக்காரர். இரண்டு வீட்டிலும் சம்மதம். மே மாதம் கல்யாணம். நீ வந்து நிற்க வேண்டும். நயினார் பேச்சை விடு அண்ணே. செத்துப்போன மனுஷன்.

உன்,
அனு

சிறை,
10.3.2025

ஏளா அனு,

கல்யாணச் சேதி கேட்டு இந்தப் பிளாக் முழுக்கச் சர்க்கரை கொடுத்தேன். மூன்று நாள் பரோல் கிடைக்கும் என்கிறார்கள், போலீஸ் காவல் இல்லாமல்.

இது ஆபீஸ் வழியாக வரும் கடிதம் இல்லை. விடுதலையாகிப் போகிறவர் தபாலில் போடுவார். அதனால் உடைத்தே சொல்கிறேன். அந்தப் பிளக்ஸை அடிக்கச் சொன்னது நயினாரின் தம்பி ஷாம் என்று இங்கே ஒருத்தன் சத்தியம் செய்கிறான். அவன் இப்போது குலசேகரன்பட்டினத்தில் ஐஸ் கடை வைத்திருக்கிறானாம். தாலி கட்டின மறுநாள் போய் முடித்துவிட்டு நானே ஸ்டேஷனுக்குப் போய்விடுவேன். கழுத்தில் ஒரே வெட்டுதான். உன் கல்யாணத்துக்கு ஒரு குறையும் வராது.

அண்ணன்

சென்னை,
17.3.2025

அண்ணே,

இதை வார்டர் படித்தாலும் சரி, ஜட்ஜே படித்தாலும் சரி. ஷாமைத் தொடாதே. அந்தப் பிளக்ஸை அவன் அடிக்கவில்லை, நயினாரும் அடிக்கவில்லை. நான்தான் அடித்தேன்.

அண்ணாச்சி கடையில் எதையும் புதிதாகப் போடமாட்டோம். அளவு பொருந்துகிற பழைய பைலைத் திறந்து படம், பெயர், வாசகம் மூன்றையும் மாற்றுவோம். உன் சேக்காளி பாண்டியராஜ் லாரியில் அடிபட்டுச் செத்த வாரம் அது. உன் பிறந்தநாளுக்கு உனக்கே தெரியாமல் ஒரு பிளக்ஸ் வைக்க ஆசைப்பட்டேன். அவனுடைய அஞ்சலி பைலைத் திறந்து உன் படத்தை வைத்தேன், உன் பெயரை அடித்தேன். அதற்குள் ஒரு கல்யாண வீட்டார் வந்து சத்தம் போட்டார்கள். அவர்களைக் கவனித்துவிட்டு வந்து, வாசகத்தை மாற்றாமலே அச்சுக்கு அனுப்பிவிட்டேன். சுருட்டியபடியே கட்டுகிறவரிடம் கொடுத்தேன். அவருக்கு எழுத்துத் தெரியாது.

காலையில் நீ அரிவாளோடு கடைக்கு வந்தாய். அண்ணாச்சி சட்டையைப் பிடித்து, "சொல்லும் வே, எவன் அடிச்சான்?" என்று உலுக்கினாய். அவர் என்னைப் பார்த்தார். நான் பயத்தில், "நம்ம கடையில அடிக்கலண்ணே" என்றேன். "அப்போ நயினார் பய வேலதாம்ளா" என்று பழைய பகையை நினைத்துக் கிளம்பினாய். ஓடி வந்து உன் காலைப் பிடித்திருக்க வேண்டும். பிடிக்கவில்லை. மத்தியானத்துக்குள் பீச் ரோட்டில் நயினார் குடல் சரிந்து கிடந்தான். அவன் பெண்டாட்டி பிரேமா மண்ணைக் கிளறி அவன் விரலைத் தேடினாள். கூட்டத்தில் நின்று பார்த்தேன். கோர்ட்டிலும் வாயைத் திறக்கவில்லை.

ஆபீசில் என்னைக் கவனமானவள் என்று புகழும்போதெல்லாம் அந்தப் பிளக்ஸ்தான் கண்ணில் வந்து நிற்கும். நான் பாவி அண்ணே. என்னை என்ன வேண்டுமானாலும் செய். அவனை விட்டுவிடு.

அனு

சிறை,
4.4.2025

அனுசியாவுக்கு,

கடிதம் வந்தது. சுவரைக் குத்தியதில் வலது கை உடைந்துவிட்டது. பக்கத்து அறைக்காரர் எழுதுகிறார், நான் சொல்கிறேன்.

முதல் வெட்டு விழுந்ததும் நயினார், "நான் இல்லல ஜெயா, எங்கம்மா சத்தியமா நான் இல்லல" என்று கத்தினான். பொய் சொல்லுகிறான் என்று வாயிலேயே வெட்டினேன். அதற்குப் பிறகுதான் மற்ற பத்து வெட்டும். இதை நான் கோர்ட்டில் சொல்லவில்லை. உனக்குத் தெரியட்டும்.

ஷாமைத் தொடமாட்டேன். பரோலும் வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். வெளியே வந்தால் நேராக உன்னிடம்தான் வருவேன். வந்து உன்னைக் கட்டிக்கொண்டு அழுவேனா, வெட்டுவேனா என்று எனக்கே தெரியவில்லை. தாலி ஏறுகிற இடத்துக்கு இப்படி ஒருத்தன் வரக் கூடாது.

எனக்கு மஞ்சள் காமாலை என்று அம்மாவிடம் சொல். கல்யாணப் பத்திரிகையை நீதான் போடுவாய். அதில் அண்ணன் என்று என் பெயரைப் போடாதே. இனி எழுதவும் வேண்டாம்.

ஜெயகணேஷ்