கறுத்துப்போன மோதிரம்

தெத்சுயா,

உங்கள் மோதிரத்தை டூத்பேஸ்ட் போட்டுத் தேய்க்காதீர்கள். வெள்ளி கீறிப்போகும். கிண்ணத்தில் அலுமினியத் தாளின் மேல் வைத்திருக்கிறேன். சமையல் சோடா தூவி வெந்நீர் ஊற்றினால் கறுப்பு விட்டுவிடும். மோதிரத்துக்கு அடியில் ஈரம் தங்கித்தான் விரல் தடித்திருக்கிறது. விரல் ஆறும்வரை போட வேண்டாம்.

மிசோ சூப் அடுப்பில் இருக்கிறது. கொதிக்க விடாதீர்கள்.

“ரெண்டு நாளும் நகோயா ஆபீஸ்லயேதான் கிடந்தேன், மோதிரம் கறுத்தது வேர்வையிலடி” என்றீர்களே, வெள்ளி இப்படிக் கறுக்க அந்த ஆபீஸ் குழாயில் கந்தகத் தண்ணீரா வருகிறது? கந்தக வெந்நீர் ஊற்றில் குளிக்க இறங்கும்போதாவது கழற்றியிருக்கலாம்.

அக்கா வீட்டுக்குப் போகிறேன். என் சாவி செருப்பு அலமாரி மேல்.

சயோகோ

பி.கு.: கிண்ணத்தில் இருக்கும் இன்னொரு மோதிரம் என்னுடையது. அதைக் கழுவ வேண்டாம். அது கறுக்கவே இல்லை.