ஆலாக் கூட்டருகே நட்ட தடி

யூன் 15, ஞாயிறு

தொண்டைமானாற்று மணல்திட்டில் ஆலாவின் கூடு வெறுமையாகக் கிடந்தது. அருகிப்போன இந்தப் பறவைக்கு இவ்வருடம் இங்கே இரண்டே கூடுகள். இடம் தெரிந்தது எனக்கும் இறால் பிடிக்கும் சிவம் அண்ணைக்கும்தான்.

"முட்டையளை ஆர் எடுத்தது, அண்ணை?"

"என்னை ஏன் முறைக்கிறியள், ரீச்சர்? முட்டை வேணுமெண்டால் கடையிலை வாங்கமாட்டனோ? நீங்கள் நட்ட தடியிலைதான் காகம் குந்தியிருந்தது."

பொய்யாக இருக்கலாம். கூட்டருகே அவருடைய காலடிகள் இருந்தன. என்னுடையவையும் இருந்தன. கூட்டை யாரும் மிதித்துவிடக்கூடாதென்று அடையாளத்துக்குத் தடி நட்டவள் நான்தான்.

மற்றக் கூட்டருகிலும் என் தடி நிற்கிறது. கோபத்தில் அதைப் பிடுங்காமலே வந்துவிட்டேன். அவரை இன்னமும் நம்பவில்லை. ஆனாலும் நாளை காகங்கள் எழும்ப முன் நான் அங்கே நிற்கவேண்டும்.