கருகிய கேக்கும் கூடிவந்த சம்பந்தமும்

அன்புள்ள எவாசியோவுக்கு, உங்கள் கிளெலியா எழுதுவது.

ஊரார் எழுதி உங்களுக்குத் தெரிவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். ஹேசல்நட் கேக்கைக் கருக்கிவிட்டேன். கானெல்லி வட்டாரத்திலேயே என் கேக்குக்கு ஈடில்லை என்று பீற்றிக்கொண்டவள், பெண் கேட்டு வந்தவர்கள் வண்டியிலிருந்து எப்படி இறங்குகிறார்கள் என்று திரைக்குப் பின்னால் நின்று பார்த்ததில் அடுப்பை மறந்தேன். கோழிகளுக்குப் போட்டேன். அவை கூடச் சீந்தவில்லை.

சம்பந்தம் என்ன ஆயிற்று என்றுதானே துடிக்கிறீர்கள்? கடைசிப் பக்கத்தை முதலில் புரட்டுகிற வேலை வேண்டாம், வரிசையாகப் படியுங்கள். நேற்று ராத்திரி நான் மரக்கட்டைபோலத் தூங்கினேன் என்பதை மட்டும் இப்போதைக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

மாப்பிள்ளைப் பையன் பிர்மினோவின் அப்பா தல்மாத்ஸோ எப்படிப்பட்டவர் என்று உங்களுக்கே தெரியும். பரோலோப் பக்கத்துக்காரர். நாக்கைக் கவ்வும் சிவப்பு ஒயினைத் தவிர மற்றதெல்லாம் அவருக்குக் கழுநீர். சர்க்கரைத் தண்ணீர் விற்கிற வீட்டில் பெண் எடுக்க மாட்டேன் என்று சந்தையில் நாலு பேர் கேட்கச் சொன்ன மனுஷர். மகன் ஒரு வாரம் முகம் கொடுத்துப் பேசாததால்தான் வந்தார். வரும்போது கோட்டுக்குள் தன் ஒயின் புட்டி ஒன்றையும் செருகிக்கொண்டு வந்தார் என்றால் பாருங்கள். நம் பெண் ஒத்தாவியாவோ, இவன் இல்லையென்றால் எவனும் வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அவள் பிடிவாதம் யார் வழியில் வந்தது என்று நான் சொல்லப்போவதில்லை. உங்கள் அம்மா வழி.

சாப்பாடு முழுக்க அவர் தன் புட்டியைத்தான் குடித்தார். நம் இனிப்பு ஒயின் மொஸ்காத்தோவை நான் கொண்டுபோனால் கிளாஸைக் கையால் மூடிக்கொண்டார். முழுசாக நொதிக்க விடாமல் குளிர வைத்து நிறுத்திய ஒயின், பாதியில் படிப்பை விட்ட பையன் மாதிரி, ஆள் ஆகாது என்றார். நானும் மூன்றாம் வகுப்போடு நின்றவள்தான், அதனால்தான் இன்னும் இனிப்பாக இருக்கிறேன் என்றேன். பிர்மினோ சிரித்தான். அவன் அப்பா சிரிக்கவில்லை. மேசைக்கு அடியில் ஒத்தாவியா என் காலை மிதித்தாள்.

கேக் வர வேண்டிய நேரமும் வந்தது. கேக் இல்லாமல் மொஸ்காத்தோவை விருந்தாளி முன்னால் யார் வைப்பார்கள்? கேக் இல்லை என்றால் அவர் தொப்பியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார், அத்தோடு எல்லாம் முடிந்தது. திராட்சைக் கொடி வெட்டும் நாட்களில் தோட்டத்தில் உட்கார்ந்து நாம் தின்போமே, அந்த மிளகு போட்ட பன்றி இறைச்சி சலாமியும் ரொட்டியும்தான் வீட்டில் இருந்தன. வெட்கத்தைப் பார்க்காமல் பலகையோடு கொண்டுபோய் வைத்துவிட்டேன்.

மனுஷர் ஒரு துண்டை எடுத்தார். இந்த வருஷம் உப்பு கொஞ்சம் தூக்கல். தன் புட்டியைச் சாய்த்தார், சொட்டு வரவில்லை. ஒத்தாவியா நம்முடையதை ஊற்றினாள். வேறு வழியில்லாமல் குடித்தார். கிளாஸை வெளிச்சத்தில் பிடித்து நுரையைப் பார்த்தார். இன்னொரு துண்டு தின்றார். மறுபடி குடித்தார். மூன்றாவது முறை தன் கையாலேயே ஊற்றிக்கொண்டார்.

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "பாத்துங்க, குழந்தைங்க குடிக்கிறது. பல்லு கூசப் போவுது" என்றேன்.

அவர் மீசையைத் துடைத்துக்கொண்டு, "உப்ப அள்ளிப் போட்டது நீங்க, பழி மட்டும் என் பல்லுக்கா?" என்றார். பலகையிலிருந்து இன்னொரு துண்டை எடுத்துக்கொண்டார். பிறகு, "கல்யாணத்துக்குக் கேக்கெல்லாம் வேணாம், சம்பந்தியம்மா. இதையே வெச்சிடுங்க" என்றார்.

பிர்மினோ, "யார் கல்யாணத்துக்கு?" என்று கேட்டான். நல்ல பையன்தான், ஆனால் எல்லாம் அவனுக்கு நிதானமாகத்தான் போய்ச் சேரும். ஒத்தாவியா அடுப்படிக்கு ஓடிப்போய் மாவு டப்பாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். முகமெல்லாம் மாவோடு திரும்பி வந்தாள். நான் அழவில்லை. வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தேன் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அறுவடை முடிந்ததும் அக்டோபரில் கல்யாணம். மற்றபடி கொடிகள் துளிர்விட ஆரம்பித்திருக்கின்றன, பனி கருக்காமல் இருக்க வேண்டும். உங்கள் இருமல் எப்படி இருக்கிறது? அந்த ஸ்விஸ் மலையில் அணைக்கட்டு கட்டுகிறவர்களுக்குக் கம்பளிச் சட்டை போடக் கூடாது என்று சட்டமா?

மேஸ்திரியிடம் இப்போதே லீவு சொல்லிவையுங்கள். அப்பா செய்கிற எல்லாவற்றையும் இந்த மூன்று வருஷமாக நானே செய்துவிட்டேன். ஆனால் பெண்ணைக் கைபிடித்துக் கோவிலுக்குள் கூட்டிப்போக என் மீசை போதாது. வந்துவிடுங்கள், எவாசியோ.

மாதா உங்களைக் காப்பாற்றட்டும்.

இப்படிக்கு, பாதிப் படிப்போடும் முழு இனிப்போடும்,
கிளெலியா

பின்குறிப்பு: சந்தோஷத்தில் இரண்டாவது புட்டியைத் திறந்தபோது, தக்கையைக் கட்டியிருந்த கயிற்றைப் பிர்மினோ அறுத்தான். தக்கை பறந்துபோய்ச் சுவரில் இருந்த உங்கள் போட்டோவில் பட்டது. கண்ணாடி உடைந்தது. இடது காதில் ஒரு கீறல், மூக்குக்கு ஒன்றும் இல்லை. சம்பந்தி எழுந்து தொப்பியை எடுத்து மார்பில் வைத்து உங்களிடம் மன்னிப்புக் கேட்டார்.