மாமா அறை போன்

தலத்தெரு, காரைக்கால்.
18.11.2007

அன்புள்ள அத்தானுக்கு,

தேவிகா எழுதுவது. பாரதிக்குச் சளி விட்டுவிட்டது. எனக்குத்தான் இரண்டு நாளாக இருப்புக்கொள்ளவில்லை. கம்ப்யூட்டரில் சொன்னால் பாதியில் அறுந்துவிடும், செல்லில் சொன்னால் மாமா காதில் விழும். அதனால்தான் கடிதம்.

வெள்ளிக்கிழமை பாரதி உங்களுக்குப் புதுப் பல்லைக் காட்ட வாயைத் திறந்தாள், லைன் போய்விட்டது. உடனே செல்லில் கூப்பிட்டு, நீயே ஒயரைப் பிடுங்குகிறாயா, என் முகம் பார்க்கப் பிடிக்கவில்லையா, இந்த இணைப்பே வேண்டாம் என்று கத்தினீர்கள். வாரம் முழுக்க அந்த ஒரு மணி நேரத்துக்காகக் காத்துக்கிடப்பவள் பிடுங்குவேனா? அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது.

மழைத்தண்ணீர் இறங்கியிருக்கும் என்று லைன்மேன் கருப்பையன் ஏற்கெனவே கம்பத்திலிருந்து புது ஒயர் இழுத்தார், மோடத்தையும் மாற்றினார். வேறு போன் உண்டா என்று கேட்டதற்கு, மாமா அறையில் பழைய போன் சும்மா கிடக்கிறது, யாரும் தொடுவதில்லை என்றேன். வேடிக்கை என்னவென்றால், லைனைச் சரிபண்ணச் சொல்லி டெலிபோன் ஆபீசுக்கு நடையாய் நடப்பவர் மாமாதான். குரும்பகரம் நிலத்தைக் குத்தகைக்கு விட்டு நீங்கள் மஸ்கட் கிளம்பியபோது, இனி உன் குரலே என் காதில் விழக்கூடாது என்று பெற்ற பிள்ளையிடமே சொன்ன அதே மனுஷர்.

வெள்ளிக்கிழமை உங்கள் திட்டை வாங்கிக்கொண்டு மறுபடி இணைத்தேனே, அதுவும் அறுந்ததும் ஒயரைப் பார்க்க அவர் அறைப் பக்கம் போனேன். கதவு ஒருக்களித்திருந்தது. ரிசீவரைக் காதில் அழுத்திக்கொண்டு, தன் மூச்சு உங்களுக்குக் கேட்டுவிடக் கூடாதென்று பேசும் பக்கத்தைக் கையால் பொத்தியபடி உட்கார்ந்திருந்தார்.

கம்ப்யூட்டருக்கும் போனுக்கும் ஒரே கம்பிதானே, போனை எடுத்தால் நீங்கள் பேசுவது கேட்கும் என்று நினைத்திருக்கிறார். கேட்பது வெறும் கொர் சத்தம். அதைத்தான் கோளாறு என்று ஆபீசில் சண்டை போட்டிருக்கிறார். தான் எடுப்பதால்தான் நமக்கு அறுகிறது என்பது பாவம், அவருக்குத் தெரியாது. கம்ப்யூட்டர் இருக்கும் கூடத்துக்கு வந்தால் கேட்கலாம். வீம்பு விடுமா? உங்களுக்கு மட்டும் அது குறைச்சலா?

நேற்று கருப்பையனிடம் விசாரித்தேன். ஒரு சின்னப் பெட்டி கொடுத்தார். மாமா போனில் அதை மாட்டிவிட்டால் நம் பேச்சு அறுபடாதாம். மாட்ட எனக்குக் கை வரவில்லை. நாம் நிம்மதியாகப் பேசிக்கொண்டிருப்போம், அவர் அந்தக் கொர்ரையே கேட்டுக்கொண்டிருப்பார்.

அடுத்த வெள்ளிக்கிழமை கம்ப்யூட்டரில் வராதீர்கள். எனக்கு ஒரு மிஸ்டு கால் கொடுங்கள், பாரதியைத் தூக்கிக்கொண்டு அம்மையார் கோயிலுக்குப் போய்விடுகிறேன். அப்புறம் வீட்டுப் போனுக்குக் கூப்பிடுங்கள். எடுக்க அவரைத் தவிர வீட்டில் யாரும் இருக்கமாட்டார்கள்.

எடுத்ததும் அவர் பேசமாட்டார், அத்தான். லைன் போய்விட்டது என்று நினைத்து வைத்துவிடாதீர்கள்.

உங்கள்
தேவிகா