அணை நடுவே கழன்ற கண்ணாடி

பேச்சிப்பாறை,
1934 ஜூலை 9

பிரியமுள்ள நேசபாய்க்கு,

கர்த்தர் கிருபையால் நான் சுகம். நீயும் வயிற்றுப் பிள்ளையும் சுகமா? மாமாவுக்கு இருமல் நின்றதா?

முந்தாநாள் ஒரு சின்னச் சங்கதி, பயப்படாதே. அக்கரையில் ரப்பர் பால் வெட்டும் வைகுண்டராஜன் மனைவி முத்துக்கனிக்குப் பிரசவ நோவு கண்டது. எஸ்டேட் மோட்டார் படகில் இருவரையும் ஏற்றி வந்தேன். அணை நடுவே காற்று அடித்ததில் முன்கண்ணாடிக் கீலின் ஆணி தெறித்துத் தண்ணீரில் விழுந்தது. கண்ணாடி, கீழே படுத்திருந்த அவள் தலைக்கு மேலே ஒற்றைக் கீலில் ஆடியது. வைகுண்டராஜன் அதை இரு கையாலும் தாங்கிக்கொண்டான். நான் எஞ்சினை நிறுத்தினேன். படகு தண்ணீரில் துருத்தி நிற்கும் பட்டமரக் குற்றிகளை நோக்கி ஒதுங்கியது. கீலில் செருக ஒரு துண்டுக் கம்பிகூட இல்லை.

"அண்ணே, இது ஆவுமா பாரும்" என்று முத்துக்கனி கொண்டை ஊசியை உருவி நீட்டினாள்.

அதைக் கீலில் செருகி முனையை மடக்கினேன். குற்றியில் முட்டுவதற்குள் எஞ்சின் பிடித்தது. கரை சேர்ந்ததும் பெண் குழந்தை பிறந்தது. இருவரும் சுகம்.

கொஞ்சம் நார்த்தங்காய் ஊறுகாய் கொடுத்துவிடு. நீ தனியே படுக்க வேண்டாம், ஜெபகனி மைனியைத் துணைக்கு வரச் சொல். தபால்காரர் அவசரப்படுத்துகிறார்.

நேசம், அவள் கத்தியபோது எனக்கு உன் குரலாகவே கேட்டது. சுகம் என்று ஒரு வரி உடனே எழுது.

உன்
சத்தியநேசன்