தாயம்மா கூடையில் வந்த மாத்திரை

நெட்டுக்குப்பம்
19.2.2024, திங்கள் காலை

அன்புள்ள ரமாபாய்க்கு,

சிரிக்க மாட்டேன் என்று சத்தியம் செய்துவிட்டு மேலே படி. கண்ணாடி போடாமல் நெத்திலி ஆயத் தெரியாத இந்த நாற்பத்தாறு வயதுக் கிழவிக்கு, கரு தங்காமலிருக்க அவசரமாகப் போடுவார்களே, அந்த மாத்திரை வேண்டும். விஷயம் சனிக்கிழமை சாயங்காலம் நடந்தது. மூன்று நாளுக்குள் போட வேண்டுமாம். என் வீட்டுக்காரருக்கு இந்த வயதில் இளமை திரும்பிவிட்டது என்று வைத்துக்கொள்.

நேற்று திருவொற்றியூரில் மூன்று மருந்துக்கடை ஏறினேன். இரண்டில் இல்லை. மூன்றாவது கடைக்காரர் மேலும் கீழும் பார்த்து, "யாருக்கும்மா?" என்றார். "எனக்குத்தான், இன்னா இப்போ?" என்றேன். "அதெல்லாம் நாங்க விக்கிறதில்ல" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். வெட்கத்தில் கடைக்கு ஒன்றாக இருமல் மிட்டாய் வாங்கினேன். இப்போது என் தொண்டை மட்டும் அமோகமாக இருக்கிறது.

இ.எஸ்.ஐ. மருந்தகத்தில் கார்டு கேட்பார்கள். என் மகள் சினேகா கன்டெய்னர் யார்டில் ஒன்றரை வருஷமாக வேலை செய்கிறாள், இன்னும் கார்டு போடவில்லை. ஃபாரத்தில் கையெழுத்துப் போட வேண்டும் என்று சனிக்கிழமை ஷிஃப்ட் முடிந்ததும் சூப்பர்வைசர் ஜெகதீசன் அவளை ஆபீசில் இருக்கச் சொன்னான். கார்டு வரவில்லை. பிள்ளைக்குத்தான் காய்ச்சல், எழுந்திருக்கவே இல்லை. சர்க்கார் ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிறவள் எங்கள் குப்பத்து மருமகள். சீட்டு என் கைக்கு வருமுன் சேதி கரைக்கு வந்துவிடும்.

போனில் சொல்லலாமென்றால் ஒற்றை அறை வீடு, என் குரலோ மீன் கூவிய குரல். நீ மருந்துக்கடையில் பில் போடுகிறவள், உன்னை விட்டால் யார்? உங்கள் பக்கம் விற்க வரும் தாயம்மாவின் மீன் கூடைக்கு அடியில் இதை வைக்கிறேன். அவளுக்கு எழுத்து தெரியாது. தெரிந்திருந்தால் டோல்கேட் தாண்டுமுன் பஸ்ஸுக்கே வாசித்துக் காட்டியிருப்பாள்.

உன்,
நீலா

புளியந்தோப்பு
அதே நாள் மதியம்

அன்பு நீலா,

சிரிக்கவில்லை.

எங்கள் ஓனர் அருள்பிரகாசம் அந்த மாத்திரையைக் கடைக்குள்ளேயே விடமாட்டார். பஸ் ஏறிப் போய் வேறிடத்தில் வாங்கினேன். தலைவலி மாத்திரை டப்பாவுக்குள் இருக்கிறது. ஒரே மாத்திரைதான். கிடைத்தவுடன் போட வேண்டும், நாளைக்கென்று வைக்காதே. மூன்று மணி நேரத்துக்குள் வாந்தி வந்தால் இன்னொன்று வேண்டும், உடனே சொல்லியனுப்பு.

ரத்தம் போகிறதா? உடம்பில் எங்காவது காயம் உண்டா? சனிக்கிழமை போட்டிருந்த துணியைத் துவைக்காதே. காகிதப் பையில் வை, பிளாஸ்டிக் வேண்டாம். ஏன் என்று இப்போது கேட்காதே.

சினேகாவைத் தனியே விடாதே.

ரமா

நெட்டுக்குப்பம்
21.2.2024, புதன் காலை

அன்புள்ள ரமா,

திங்கள் மூன்று மணிக்கே மாத்திரை உள்ளே போயிற்று. வாந்தி இல்லை. பக்கத்தில் உட்கார்ந்து ஆறு மணி வரை அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கண்ணாடியில் என் முகத்தைத்தான். துணி ஜவுளிக்கடைக் காகிதப் பையில் இருக்கிறது. ரத்தம் இல்லை. மேல்கையில் நாலு விரல் தடம். நண்டு பிடித்தது என்று வைத்துக்கொள்.

இப்போது வேறு ஒன்று. திங்கள் சாயங்காலம் ஜெகதீசனின் பைக் தெருமுனையில் நின்றது. நேற்று வாசலுக்கே வந்தான். நான் கொடுவா வெட்டிக்கொண்டிருந்தேன்.

"இன்னா அத்தே, சினேகாவுக்கு உடம்பு எப்டி கீது?"

"படுத்துகினு கீதுப்பா."

"கார்டு வந்துச்சு. வியாழக்கிழமை வந்து கையெழுத்து போட்டு வாங்கிக்கச் சொல்லு. ஷிஃப்ட் முடிஞ்சப்புறம் வரட்டும். நீ கூட வராத அத்தே, மேனேஜர் பேஜாரு பண்ணுவாரு."

உள்ளே பாத்திரம் ஒன்று விழுந்து உருண்டது. அவன் அந்தப் பக்கம் பார்த்துச் சிரித்தான். நான் "சரிப்பா" என்றேன். அவன் போன பிறகுதான் என் விரலையும் வெட்டிக்கொண்டது தெரிந்தது. எழுத்து கோணலாக இருப்பது அதனால்தான்.

நாளைக்குத்தான் வியாழக்கிழமை. என்ன செய்யட்டும், எழுது.

நீலா

புளியந்தோப்பு
புதன், பத்தரை மணி

நீலா,

தாயம்மாவைக் காக்க வைத்துவிட்டு எழுதுகிறேன். நாளை யார்டுக்கு யாரும் போக வேண்டாம். கார்டும் வேண்டாம்.

இன்று மூன்று மணிக்கு வருகிறேன். எங்கள் தெரு வக்கீல் அன்புக்கரசியும் கூட வருகிறாள். இந்த மாதிரி விஷயத்தில் கார்டு இல்லை என்று எந்த ஆஸ்பத்திரியும் திருப்பி அனுப்ப முடியாது என்கிறாள். உங்கள் குப்பத்து மருமகள் இல்லாத ஆஸ்பத்திரியாகப் பார்த்துப் போவோம். ஆனால் அதற்கு முன் சினேகாவிடம் கேள். அவள் சரி என்றால்தான் அந்தப் பையை வெளியே எடுக்க வேண்டும். இல்லை என்றால் நாங்கள் டீ குடித்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்திருப்போம். நீ குறுக்கே பேசாதே. சிரிக்க வைக்கிறேன் என்று எதையும் ஆரம்பிக்காதே.

விரலுக்கு மஞ்சள் வைத்துத் தொலைக்காதே. மருந்து கொண்டுவருகிறேன்.

ரமா

பி.கு: சினேகா பிறந்த மூன்றாம் நாள் நீயும் நானும் அடுத்தடுத்த கட்டிலில் படுத்துக் குடும்பக் கட்டுப்பாடு ஆபரேஷன் செய்துகொண்டோம். அங்கேதான் நமக்குப் பழக்கமே.